சி டிரைவ் இருக்கு, ஏ டிரைவ் எங்கே போச்சு? – கணினி இயங்குதளங்களின் 50 ஆண்டுக் கதை

விண்டோஸ் கணினியில் ‘திஸ் பிசி’ என்பதைத் திறந்து பாருங்க. சி டிரைவ் இருக்கும். பக்கத்தில் டி, சில கணினிகளில் இ. பென்டிரைவைச் செருகினால் புதிதாக இன்னொரு எழுத்து வரும். வரிசைப்படி ஏ, பி அல்லவா முதலில் வரணும்? அவை இரண்டும் எங்கே?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கு. அது தெரிந்தால், போனும் கணினியும் ‘அப்டேட் செய்யவும்’ என்று ஏன் விடாமல் கேட்கின்றன, பழைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதில் என்ன ஆபத்து, அரசு இணையதளத்தில் தமிழில் தட்டச்சு செய்ய முடிவது எப்படி என்பதெல்லாம் சேர்ந்தே புரியும்.

இயங்குதளம் என்ன வேலை செய்கிறது?

புது லேப்டாப் வாங்கும்போது “இதுல எந்த ஓஎஸ் இருக்கு?” என்று கேட்கிறோமே, அந்த ஓஎஸ்தான் இயங்குதளம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவை கணினிக்கான இயங்குதளங்கள். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகியவை போனுக்கானவை.

வருமானச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டில் பெயரைத் தட்டுகிறீர்கள். ஹார்டு டிஸ்கில் இருக்கும் புகைப்படத்தைப் பதிவேற்றுகிறீர்கள். ஒப்புகைச் சீட்டை பிரிண்ட் எடுக்கிறீர்கள். உங்கள் பிரவுசருக்கு உங்கள் பிரிண்டர் எந்தக் கம்பெனி என்று தெரியாது. ஹார்டு டிஸ்கில் அந்தப் படம் எந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்றும் தெரியாது. “இதை பிரிண்ட் செய்”, “அந்த ஃபைலைக் கொடு” என்று இயங்குதளத்திடம் கேட்கும். மீதியை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும்.

கல்யாண மண்டபத்து மேலாளரை நினைத்துக்கொள்ளுங்க. சமையல்காரருக்கு எந்த அடுப்பு, மாப்பிள்ளை வீட்டாருக்கு எந்த அறை, ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் என்று முடிவு செய்பவர் அவர். இயங்குதளத்தின் வேலையும் அதேதான். நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவது, ஃபைல்களுக்குக் கணக்கு வைப்பது, கருவிகளுடன் பேசுவது, யாருக்கு எதில் அனுமதி என்று பார்ப்பது என நான்கு பொறுப்புகள். இதில் நான்காவது பொறுப்பு மிகத் தாமதமாகத்தான் வீட்டுக் கணினிக்கு வந்தது. அந்தத் தாமதத்துக்கு உலகமே விலை கொடுத்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

மேலாளரே இல்லாத காலம்

1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வெளியானது. வீட்டில் வைத்துக்கொள்ளும் கணினிகளின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. முன்பக்கம் வரிசையாக ஸ்விட்சுகளும் சின்ன விளக்குகளும் மட்டும்தான். ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டித்தான் கட்டளை கொடுக்கணும். பதில் விளக்கு எரிவதில் தெரியும்.

அடிப்படை மாடலின் நினைவகம் 256 பைட். இன்று இணையத்தில் ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்க 3 பைட் தேவை. அந்தக் கணக்கில் பார்த்தால், 85 குறிகளோடு ஆல்டேரின் நினைவகம் நிரம்பிவிடும். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் இரண்டு வரிச் செய்தியே அதற்கு அதிகம்.

ஏ, பி டிரைவின் பிறப்பு

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கற்பித்து வந்தவர் கேரி கில்டால். பிளாப்பி டிஸ்க் அப்போது புதிய சரக்கு. கணினியை அணைத்தாலும் அதில் எழுதியது அழியாது. ஆனால் அதில் எதை எங்கே எழுதினோம் என்று கணக்கு வைக்க ஆள் வேண்டுமே? அந்த வேலைக்காக 1974-இல் அவர் எழுதியதுதான் சிபி/எம். சிறு கணினிகளுக்கு எனப் பரவலாகப் பயன்பட்ட முதல் இயங்குதளம் இதுதான்.

கில்டால் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கம்பெனிக் கணினிக்கும் மாறுபடும் பகுதியைத் தனியாகப் பிரித்து, அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். புதுக் கணினி வந்தால் பயாஸை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மேலே ஓடும் மென்பொருள் அப்படியே ஓடும். அதுவரை ஒரு கணினிக்கு எழுதிய புரோகிராமை இன்னொரு கணினிக்கு மாற்றப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. இதன் பிறகு ஒரே மென்பொருளைப் பல கம்பெனிக் கணினிகளுக்கும் விற்க முடிந்தது. மென்பொருள் தனித் தொழிலாக வளர இது பெரிய காரணம்.

பிளாப்பி டிரைவ்களை சிபி/எம் ஏ, பி என்று அழைத்தது. பிறகு வந்த ஐபிஎம் கணினியும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்டு டிஸ்குடன் வந்தபோது, ஏ-யும் பி-யும் ஏற்கெனவே பிளாப்பிக்குப் போய்விட்டதால், ஹார்டு டிஸ்குக்குக் கிடைத்தது சி. பிளாப்பி மறைந்துவிட்டது. அதன் எழுத்துகள் மட்டும் இன்றும் காலியாகக் கிடக்கின்றன.

இன்னொரு சொத்தும் அங்கிருந்து வந்ததுதான். விண்ணப்பத்தில் “படம் ஜேபிஜி வடிவிலும், சான்று பிடிஎஃப் வடிவிலும் இருக்க வேண்டும்” என்று கேட்கிறார்கள் இல்லையா? புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்து போடும் அந்த வழக்கம், பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3 எழுத்து என்ற பழைய கட்டுப்பாட்டின் மிச்சம். சிபி/எம் வழியாக டாஸுக்கு வந்து, அங்கிருந்து நம் போன் வரை வந்துவிட்டது.

ஐபிஎம் தேடி வந்த கதவு

1980-இல் ஐபிஎம் நிறுவனம் தனிநபர் கணினி ஒன்றை அவசரமாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்கு இயங்குதளம் தேவை. கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தேடிப் போனார்கள். ஒப்பந்தம் கைகூடவில்லை. அன்று என்ன நடந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. முடிவு மட்டும் ஒன்றுதான். வாய்ப்பு மைக்ரோசாப்ட்டுக்குப் போனது.

மைக்ரோசாப்ட்டிடம் அப்போது கொடுப்பதற்கு இயங்குதளம் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்ற 24 வயது இளைஞர், சிபி/எம் போலவே இயங்கும் ஒன்றை எழுதி வைத்திருந்தார். முதலில் அதன் உரிமத்தையும், பிறகு 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையையும் மைக்ரோசாப்ட் வாங்கியது. அதுதான் எம்எஸ்-டாஸ் ஆனது. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி அறிமுகமானது.

மைக்ரோசாப்ட்டின் பெரிய சாமர்த்தியம் ஒப்பந்தத்தில் இருந்தது. ஐபிஎம்முக்கு டாஸைக் கொடுத்தபோது, மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1983-இல் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் கணினியைப் போலவே இயங்கும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாலேயே பல நிறுவனங்கள் வந்தன. போட்டியில் கணினி விலை இறங்கியது. யார் கணினி விற்றாலும் டாஸ் விற்றது. பின்னாளில் சிபி/எம்மும் ஐபிஎம் கணினிக்கு வந்தது. ஆனால் அதன் விலை 240 டாலர், டாஸ் விலை 40 டாலர். மக்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் டாஸில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பாஸ்வேர்டு கிடையாது, பயனர் கணக்கு கிடையாது. எந்தப் புரோகிராமும் எந்த ஃபைலையும் தொடலாம். மண்டபத்தின் எல்லா அறைச் சாவியும் வாசலிலேயே தொங்குவது மாதிரி. 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்ட ‘பிரெயின்’ என்ற வைரஸ், பிளாப்பி வழியாகவே நாடு நாடாகப் பரவியது. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் அதுதான்.

மவுஸ் வந்தது, திரை மாறியது

டாஸில் எல்லாமே தட்டச்சுக் கட்டளைதான். ஒரு எழுத்து தப்பினாலும் வேலை நடக்காது. இதற்கு மாற்று, அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் முன்பே உருவாகியிருந்தது. 1973-இல் அங்கே செய்த ஆல்டோ கணினியில் மவுஸும் சாளரங்களும் இருந்தன. ஸ்டீவ் ஜாப்ஸ் 1979-இல் அந்த ஆய்வுக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். ஆப்பிள் 1983-இல் லிசாவை வெளியிட்டது. விலை 9,995 டாலர், அதனால் ஓடவில்லை. 1984 ஜனவரி 24 அன்று 2,495 டாலருக்கு மேக்கின்டாஷ் வந்தது. படத்தைச் சுட்டி வேலை செய்யும் முறை அதன் மூலம்தான் பரவலாகப் பேசப்பட்டது.

மைக்ரோசாப்ட் 1985 நவம்பரில் விண்டோஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. அது டாஸுக்கு மேலே போட்ட போர்வை மாதிரிதான். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 நன்றாக விற்றது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95, ஸ்டார்ட் பட்டனையும் டாஸ்க்பாரையும் கொடுத்தது. ஃபைலுக்கு நீளமான பெயர் வைக்கவும் அப்போதுதான் முடிந்தது. இருந்தாலும் அடியில் டாஸ் இருந்தது.

டாஸை விட்டு முழுதாக விலகிய தனிக் குடும்பம் ஒன்றை, டேவ் கட்லர் தலைமையில் ஒரு குழு உருவாக்கியது. 1993-இல் வந்த விண்டோஸ் என்டிதான் அது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அறை, ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கு. ஒன்று செயலிழந்தாலும் மற்றவை தொடர்ந்து ஓடும். முதலில் அலுவலகங்களுக்கு மட்டும் விற்ற இந்த அமைப்பு, 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக வீட்டுக்கும் வந்தது. நாம் முதலில் சொன்ன நான்காவது பொறுப்பு விண்டோஸ் வைத்திருந்த வீடுகளுக்கு வந்து சேர, ஐபிஎம் பிசி வந்து 20 ஆண்டுகள் ஆயின.

இலவசமாக வந்த இன்னொரு வழி

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த உருவானது என்பதால், யாருக்கு எதில் அனுமதி என்ற விஷயம் அதன் அடிப்படையிலேயே இருந்தது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யுனிக்ஸ் போன்ற ஒன்றை எல்லோரும் படிக்க, மாற்ற, பகிரக்கூடிய விதத்தில் எழுதப்போவதாக அறிவித்து, குனு திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு மையப் பகுதி ஒன்று குறைவாக இருந்தது. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், தன் வீட்டுக் கணினிக்காக எழுதிய லினக்ஸ் அந்தக் குறையைத் தீர்த்தது.

2008-இல் கடைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் முதல் இன்றைய போன்கள் வரை எல்லாவற்றின் அடியிலும் லினக்ஸ்தான் இருக்கு. ஐபோன் கதையும் இதே வம்சம். ஆப்பிளை விட்டு 1985-இல் வெளியேறிய ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம், யுனிக்ஸ் வழியில் ஒரு இயங்குதளம் செய்தது. 1996 இறுதியில் ஆப்பிள் அதை வாங்குவதாக அறிவித்தது. அதிலிருந்து 2001-இல் மேக் ஓஎஸ் டென் வந்தது, அதிலிருந்து 2007-இல் ஐபோனின் இயங்குதளம் வந்தது. ஆக, எந்தப் போனை வைத்திருந்தாலும் உங்கள் பாக்கெட்டில் இருப்பது 1969-இன் பேரப்பிள்ளை.

தமிழ்நாட்டுக்கும் லினக்ஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அந்த லேப்டாப் கிடைத்தவர்கள், கணினியை ஆன் செய்ததும் “எதைத் திறக்கணும்?” என்று கேட்கும் பட்டியலைப் பார்த்திருப்பார்கள்.

தமிழ் எப்படி உள்ளே வந்தது?

பழைய இயங்குதளங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்த ஃபான்ட்டைப் போட்டுத்தான் சமாளித்தோம். திரையில் தமிழ் தெரியும். கணினியோ அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஃபான்ட் இல்லாத இன்னொரு கணினியில் அதே கடிதத்தைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரும். பெயரைத் தேடவும் முடியாது, அகர வரிசையில் அடுக்கவும் முடியாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. 1991-இலேயே யுனிகோடு, உலக மொழிகளின் பட்டியலில் தமிழுக்குத் தனி இடம் கொடுத்திருந்தது. விண்டோஸ் 2000 அதை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்று உங்கள் போனில் தட்டிய தமிழ்ப் பெயர், அலுவலகக் கணினியில் அதே பெயராகத் தெரிவது இந்த வேலைகளால்தான்.

இயங்குதளத்துக்கும் வயது உண்டு

இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரி நிரல் இருக்கும். தவறுகள் இருந்தே தீரும். யாராவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால், தயாரித்த நிறுவனம் அதை அடைத்து அனுப்பும். ‘அப்டேட்’ என்று வருவதில் பெரும்பகுதி இதுதான். ஆனால் குறிப்பிட்ட நாளோடு அந்த அடைப்பு வேலை நின்றுவிடும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அதன் பிறகும் கணினி ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் மட்டும் திறந்தே கிடக்கும்.

இதன் விலை என்ன என்பதை 2017 காட்டியது. விண்டோஸில் ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்று வெளியிட்டது. மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்ற நாசகார மென்பொருள் அதே ஓட்டை வழியாக நுழைந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. 150 நாடுகள் அளவில் பாதிப்பு. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் மருத்துவர் சந்திப்புகளும் அறுவை சிகிச்சைகளும் ரத்தாயின. இத்தனைக்கும் மருந்து இரண்டு மாதங்களாகக் கையில் இருந்தது. போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

நம் வீட்டுக் கணினியில் மருத்துவமனை இல்லை. ஆனால் ஆதார் நகல், பட்டா, மதிப்பெண் சான்று, வங்கி பாஸ்வேர்டு எல்லாம் அதில்தானே இருக்கு?

இன்றைக்கே பார்க்க வேண்டியவை

1. விண்டோஸ் 10, 11 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்ற வரிசையில் போங்க. எந்தப் பதிப்பு என்று தெரியும். எக்ஸ்பி, 7, 8 என்றால் அதில் வங்கி, ஆதார் சார்ந்த வேலைகளைச் செய்யாதீங்க.

2. விண்டோஸ் 10 என்றால் முதலில் விண்டோஸ் 11 போட முடியுமா என்று அப்டேட் பக்கத்தில் பாருங்க. குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் தேவை. முடியாது என்றால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்ய வழி இருக்கு.

3. கணினி ரொம்பப் பழசு, புதிது வாங்க வசதி இல்லை என்றால் லினக்ஸ் நல்ல வழி. உபுண்டு, மின்ட், பாஸ் ஆகியவை இலவசம். பல லினக்ஸ் வகைகளைப் பென்டிரைவில் போட்டு, ஹார்டு டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கிறதா என்று அப்படிச் சோதித்த பிறகு நிறுவுங்க. அதற்கு முன் எல்லா ஃபைல்களுக்கும் நகல் எடுத்து வைப்பது கட்டாயம்.

4. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், பாதுகாப்பு அப்டேட் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்க. அது பல மாதம் பழையதாக இருந்தால், வைஃபை கிடைக்கும்போது அப்டேட் தேடிப் பாருங்க. புதுப் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, “எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவாங்க?” என்றும் கேளுங்க.

5. திருட்டு நகல் இயங்குதளத்தைக் குறைந்த காசுக்குப் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீங்க. அதற்குள் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களால் பார்க்க முடியாது.

6. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால், வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்யுங்க. ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்க. நீங்கள் இறக்கிய சான்றை டவுன்லோட்ஸ் பகுதியிலிருந்து அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்க.

வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் போனையும் இதே பட்டியலை வைத்து ஒருமுறை பார்த்துக் கொடுங்க. ‘அப்டேட்’ என்று வரும் அறிவிப்பை என்னவோ ஏதோ என்று பயந்து தள்ளிவிடுபவர்கள் அவர்களில் நிறையப் பேர். அது செட்டிங்ஸில் இருந்து வந்தால் அனுமதிக்கலாம், எஸ்எம்எஸ் லிங்க்கிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் தொடக் கூடாது. இந்த வித்தியாசத்தை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும்.